நிற்கத் தெரிந்த முள்

என் ஒரே மகளின் கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது, அனந்தபுரத்திலிருந்து என் நாத்தனார் ஒரு டப்பாவோடு திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கினார். மாப்பிள்ளைக்குக் கட்டப்போகும் வாட்ச். அவருடைய மகன் சென்னையில் வாங்கியது. டப்பாவைத் திறந்தேன். வெள்ளை டயல், நிமிர்ந்து நிற்கும் கறுப்பு எண்கள், ஒல்லியான சிவப்பு செகண்ட் முள். இரண்டு வருஷத்துக்கு முன் இறந்துபோன என் வீட்டுக்காரர் கட்டியிருந்த அதே வாட்ச்.

அதே வாட்ச் என்று சொல்வதும் சரியில்லை. பீரோவிலிருந்து அவருடையதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புதியது ஒரு சுற்றுப் பெரியது, கனமும் கூட. பழையதன் கண்ணாடியில் நகம் பட்டாலே கீறல் விழும்; இதில் ஆணியை வைத்து இழுத்தாலும் விழாதாம். முதுகுப் பக்கமும் கண்ணாடி. உள்ளே சக்கரங்கள் ஓடுவது பளிச்சென்று தெரிகிறது. தினமும் சாவி கொடுக்கத் தேவையில்லை, கட்டியிருக்கிற கை அசைந்தாலே போதும், தானாக ஏறிக்கொள்ளும் என்றார் நாத்தனார். இத்தனை மாறியும் முகம் மட்டும் அப்படியே இருந்தது. எண்களின் தடிமன், நான்கின் தலை மூடாமல் திறந்திருக்கும் விதம், முள்ளின் வால் நீளம், எதையும் தொடவில்லை. வாட்ச் செய்கிறவர்கள் கெட்டிக்காரர்கள். உள்ளே இருப்பதையெல்லாம் மாற்றிவிட்டு முகத்தை மட்டும் விட்டுவிடுவார்கள். நாமும் அதேதான் என்று நம்பிக் கையை நீட்டுவோம்.

எங்கள் குடும்பம் அப்படி இரண்டு முறை கையை நீட்டியிருக்கிறது. இது மூன்றாவது.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்டுவது பெண் வீட்டு முறை. மணமேடையில் பெண்ணின் அண்ணனோ தம்பியோ கட்டவேண்டும். எங்கள் வீட்டில் அக்காவும் நானும்தான், ஆண்பிள்ளை கிடையாது. அதனால் அப்பாவே கட்டினார். அவர் கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் கேப்பையும் பயிர்போட்டுப் பிழைத்தவர். தன் கையில் வாட்ச் கட்டியதே இல்லை. அக்கா கல்யாணத்துக்கு வாட்ச் வாங்கக் கடைக்குப் போனபோது, எட்ட நின்று பார்த்தாலும் மணி தெரிகிறது என்ற ஒரே காரணத்துக்காக இந்த முகத்தைத் தேர்ந்தெடுத்தார்.

பல வருஷம் கழித்து என் கல்யாணம் வந்தது. அப்பா அதே கடைக்குப் போனார். அதற்குள் ஊரெல்லாம் பேட்டரி வாட்ச் வந்துவிட்டது. தங்க நிறம், தேதி காட்டுகிற மாடல் என்று கடைக்காரர் எதையெதையோ எடுத்துப் போட்டார். அப்பா ஒன்றையும் தொடவில்லை. நானும் கூடத்தான் போயிருந்தேன். கடைக்காரர் சலித்துப்போய், "அந்த மாடலு பழசுங்க. இப்ப யாரும் கேக்கறதில்ல" என்றார்.

"பழசாவே இருக்கட்டும். பெரிய மாப்ளைக்கு எது கட்டினனோ அதான் சின்ன மாப்ளைக்கும். நாளைக்கு ஒருத்தருக்கு ஒசத்தி, ஒருத்தருக்குத் தாழ்த்தின்னு ஒரு பேச்சு வரக்கூடாது பாரு" என்றார் அப்பா.

கடைக்காரர் உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தார். அப்பா அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எண்கள், முட்கள், வெள்ளை டயல், எல்லாம் அதேதான். திருப்தியாக வாங்கிக்கொண்டார். இடைப்பட்ட வருஷங்களில் கம்பெனிக்காரன் உள்ளே கை வைத்திருக்கிறான் என்பது அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

அது தெரியவந்தது என் தலை தீபாவளியில். இரண்டு மாப்பிள்ளைகளும் கூடத்தில் உட்கார்ந்து ஒருவர் வாட்சை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா வீட்டுக்காரர் விழுப்புரத்தில் ரயில்வேயில், சிக்னல் வேலை. நான் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். என் வீட்டுக்காரர் திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டர். ஒருவருக்கு ரயில், இன்னொருவருக்கு ஓட்டப்பந்தயம். செகண்ட் முள்ளில் இரண்டு பேருக்கும் கண். என் வீட்டுக்காரர் தன் வாட்சின் பக்கவாட்டில் இருக்கும் சின்னக் குமிழை, அதாவது சாவியை, வெளியே இழுத்தார். சிவப்பு முள் அப்படியே நின்றது. உள்ளே அழுத்தினார், ஓடியது. மணியைச் சரியாக வைக்கத் தோதாக இப்படி ஒரு வசதி. மாமா தன்னுடையதை இழுத்துப் பார்த்தார். முள் நிற்காமல் ஓடியது. மறுபடி இழுத்தார். அது பாட்டுக்கு ஓடியது.

"இன்னா மாமா இது" என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "மூத்த மாப்ளைக்கு ஓடற வாட்ச்சு, சின்ன மாப்ளைக்கு நிக்கற வாட்ச்சா? நான் இன்னா தப்புப் பண்ணேன்?"

எல்லாரும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. மாமாவின் வாட்சை வாங்கி, அவரும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்தார். எதற்குப் பயந்து கடைக்காரரைத் தேடவைத்து அதே வாட்சை வாங்கினாரோ, அது நடந்துவிட்டது. மாமா கெட்டவரில்லை. ஆனால் அந்தக் கிண்டலை அவர் விடவில்லை. ஒவ்வொரு நல்லநாளிலும் அது ஒருமுறை வரும். எனக்கு எரிச்சலாக இருக்கும். என் வீட்டுக்காரர் மட்டும் அப்போதெல்லாம் அப்பாவின் முகத்தைப் பார்ப்பார்.

அப்பா தன்னால் ஆனதைச் செய்தார். தீபாவளிச் சீரில் வேட்டியோடு, இரண்டு மாப்பிள்ளைகளுக்கும் வாட்சுக்குப் புது ஸ்ட்ராப் வாங்கி வைப்பார். கறுப்புத் தோல், ஒரே அகலம், ஒரே கொக்கி. ஸ்ட்ராப் சீர் வைத்த மாமனார் தமிழ்நாட்டிலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும். அதனால் இரண்டு வாட்சும் எப்போதும் இரட்டைப் பிள்ளைகள் போலவே இருந்தன.

எங்கள் வீட்டில் காலைப் பொழுது அந்த முள்ளோடுதான் தொடங்கும். ரேடியோவில் செய்திக்கு முன்னால் பீப் பீப் என்று ஒலி வருமே, அதற்காக அவர் காத்திருப்பார். சாவியை இழுத்து முள்ளைப் பன்னிரண்டில் நிறுத்திவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மகள் பக்கத்தில் நிற்பாள். கடைசி பீப் வந்ததும் "இப்போ!" என்று கத்துவது அவள் வேலை. அவர் அழுத்துவார். முள் கிளம்பும். அவள் "இப்போ" சொல்லாமல் எங்கள் வீட்டில் பொழுது விடிந்ததாகக் கணக்கில்லை. ஜுரத்தில் படுத்திருந்த நாளில்கூட, போர்வைக்குள்ளிருந்து சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு டியூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே இட்லி வைப்பேன்.

பிறகு அப்பா போனார். பதினாறாம் நாள் காரியத்தில் இரண்டு மருமகன்களும் குளத்தில் தலைமுழுகினார்கள். முழுகுவதற்கு முன் கழற்றிய வாட்சுகளை அக்கா வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள். எல்லாம் முடிந்ததும் அழுத கண்ணோடு முடிச்சை அவிழ்த்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். அவரவர் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினோம்.

அதற்கப்புறம் சில நாளிலேயே எங்கள் வீட்டில் காலைப் பீப் நின்றுபோனது. மகள் வந்து நின்றால், "போதும்மா, நீ பெரிய பொண்ணாயிட்டே. போய்ப் படி" என்றார். ஏன் என்று நான் கேட்டதற்கு, "செகண்டைப் புடிச்சி வச்சிக்கினு இன்னா பண்ணப் போறேன்?" என்று சிரித்தார். மாமனார் போன துக்கம் என்று நினைத்துக்கொண்டேன். மகள் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு மறந்துவிட்டாள். மறந்துவிட்டாள் என்று நான் நினைத்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவர் பள்ளி மைதானத்தில் விழுந்தார். நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். நர்சாக இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருக்கு நாடி பிடித்திருக்கிறேன். அன்று அவர் வலது கையைப் பிடித்தேன். வழக்கமாகப் பார்க்கும் சுவர்க் கடிகாரம் ஞாபகத்துக்கு வரவில்லை. அவருடைய இடது கையிலிருந்த வாட்சைப் பார்த்தேன். சிவப்பு முள் ஓடிக்கொண்டிருந்தது. என் விரலுக்கு அடியில் ஒன்றும் இல்லை. முள் ஒரு சுற்று சுற்றி வந்தது. நான் கையை விடவில்லை. டாக்டர் வந்து என் தோளைத் தொடும்வரை அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விழுப்புரத்திலிருந்து ஓடி வந்த மாமாதான் வாட்சைக் கழற்றினார். கழற்றி அந்தப் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என் உள்ளங்கையில் வைத்து மூடினார். அதை பீரோவில் வைத்தேன். சாவி கொடுக்கவில்லை. ஓடுகிற வரைக்கும் ஓடி, நின்றது.

நாத்தனார் டப்பாவோடு வந்த அன்று, மகள் புதிய வாட்சைப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கு அத்தை. ஆனா எனக்கு அப்பாவோடதுதான் கட்டணும்" என்றாள்.

நாத்தனார் காதைப் பொத்தாத குறை. "இன்னாடி பேசற? செத்தவங்க கையில இருந்தத மாப்ள கையில கட்டுவாங்களா? ஊரு சிரிக்கும். பையன் வூட்டுல இன்னா நெனைப்பாங்க? புதுசு வாங்கியாந்ததே அதே மாதிரி இருக்கணும்னுதான். பாக்க அதேதானே?"

"பாக்கறதுக்கு இல்ல அத்தை" என்றாள் மகள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. "அப்பா கை பட்டது ஒண்ணாவது மேடையில இருக்கணும்."

எனக்கு நாத்தனார் மேல் கோபம் கோபமாக வந்தது. அவர் தம்பி கட்டிய வீட்டில், அவர் தம்பி வாங்கிய ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துதான் இதைச் சொன்னார். வீடு ஆகும், ஃபேன் ஆகும், வாட்ச் ஆகாது. கேட்டிருப்பேன். ஆனால் அவரும் தம்பியைப் பறிகொடுத்தவர். அதோடு, நான் சொன்னால் எடுபடாது. தாலி இல்லாத நான் மகளைத் தாரை வார்த்துக் கொடுக்க மணையில் உட்கார முடியாது என்று ஏற்கெனவே முடிவாகியிருந்தது. அக்காவும் மாமாவும் உட்கார்வதாக ஏற்பாடு. அதற்கும் நான் வாய் திறக்கவில்லை. பெற்றவளாக நான் கீழே நிற்கப்போகிறேன், பெற்றவர் எங்குமே இல்லை. அவர் கையில் இருந்த ஒரு பொருளாவது மேடை ஏறட்டுமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மகளுக்காக என்று சொல்லிக்கொண்டாலும், எனக்காகவும்தான்.

மறுநாள் எல்லாரும் பத்திரிகை வைக்கப் போயிருந்தபோது வாட்சை எடுத்துச் சாவி கொடுத்தேன். இரண்டு வருஷம் கிடந்தது, கொஞ்சம் தயங்கிவிட்டு ஓட ஆரம்பித்தது. போனைப் பார்த்து மணி வைக்கலாம் என்று, அவர் செய்வதுபோலவே சாவியை வெளியே இழுத்தேன். முள் நிற்கவில்லை.

மறுபடி இழுத்தேன். நிற்கவில்லை. கெட்டுப்போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அவரோடு இதுவும் போயிற்று என்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்படியே உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தத் தலை தீபாவளி ஞாபகம் வந்தது. இழுத்தாலும் நிற்காமல் ஓடிய வாட்ச் ஒன்று எனக்குத் தெரியும். அக்காவின் முந்தானை முடிச்சும், அதற்கப்புறம் எங்கள் வீட்டில் நின்றுபோன காலைப் பீப்பும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவருடைய வாட்ச் விழுப்புரத்தில், மாமா கையில் இருந்தது.

அடுத்த லீவு நாளில் விழுப்புரத்துக்கு பஸ் ஏறினேன். அன்று அமாவாசை. கூட்டேரிப்பட்டில் மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம் பஸ்ஸுக்காக ரோட்டிலேயே நின்றிருந்தது. வழியெல்லாம் எப்படிக் கேட்பது என்பதே யோசனை. ரிட்டயர் ஆன மனுஷர், கையில் கட்டியிருக்கிற வாட்சைக் கழற்றிக் கொடு என்று எப்படிக் கேட்பது? அதுவும் மகளைத் தாரை வார்த்துக் கொடுக்கப் போகிறவரிடம்? ஒருவேளை அவருக்கு விஷயமே தெரியாமல் இருக்கலாம். நான் போய்ச் சொல்லி, இத்தனை வருஷம் கட்டியிருந்தது உன்னுடையதில்லை என்று ஆக்கிவிட்டு வரவா? பாதி வழியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட இருந்தது.

ரயில்வே காலனிக்குப் பின்தெருவில் அவர்கள் வீடு. மாமா மட்டும் இருந்தார்.

"வாம்மா. இன்னா சொல்லாம கொள்ளாம? உங்கக்கா மலையனூர் போயிருக்கிறா. வந்துடுவா, குந்து" என்றார். அவர் இடது கையில் வாட்ச் இருந்தது. வெள்ளை டயல், சிவப்பு முள். நான் அதைப் பார்த்ததை அவரும் பார்த்தார்.

சுற்றி வளைக்க எனக்கு வராது. பையிலிருந்து எடுத்து முன்னால் வைத்தேன். "மாமா, இதுல செகண்டு முள்ளு நிக்கமாட்டேங்குது."

அவர் அதைத் தொடவில்லை. "நிக்காதும்மா. அது என்னுது" என்றார்.

வெளியே ஏதோ ரயில் போனது.

"உங்கப்பா போறதுக்குக் கொஞ்ச நாளைக்கு முன்னாடிதான் என்னுத ரிப்பேருக்குக் குடுத்து வாங்கினேன்" என்று அவரே ஆரம்பித்தார். "காரியம் முடிஞ்சி வூட்டுக்கு வந்து மணி வைக்கலாம்னு இழுக்கறேன், டக்குனு நிக்கிது. ரிப்பேர்காரன் நம்ம சொல்லாமயே சரி பண்ணிட்டான், கைராசிக்காரன்னு நெனச்சிக்கினேன். எனக்குக் காலு தரையில நிக்கல. ஒடனே சகலைக்குத்தான் போன் போட்டேன். 'சகலை, என்னுதும் நிக்கிதுய்யா!'ன்னு கத்தறேன். அந்தப் பக்கம் சத்தத்தையே காணோம். லைன் கட்டாயிடுச்சோன்னு பாத்தேன். அப்புறமா சிரிச்சான். 'நல்லதாப் போச்சு சகலை. இனிமே ரெண்டும் ஒண்ணு'ன்னான்."

எனக்கு அந்தக் குரல் கேட்டது. அப்படித்தான் சொல்லியிருப்பார்.

"அதுக்கப்புறம் நான் அந்தக் கிண்டலப் பண்றதில்ல, கவனிச்சியா? உங்கப்பாவ நெனச்சிக்கினா மனசுல ஒரு குறையும் இல்ல எனக்கு."

"எப்போ தெரிஞ்சுது மாமா?"

மாமா மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில. அவன் கையிலருந்து கழட்டினேனே, அப்போ. அவன் போன நேரத்துல வாட்ச்ச நிறுத்தி வச்சிடணும்னு தோணிச்சி. ஏன்னு கேக்காத, தோணிச்சி. சாவிய இழுத்தேன். அது நிக்கல. அது பாட்டுக்கு ஓடிக்கினே இருக்குது. அப்பதான் எனக்கு எல்லாம் வெளங்கிச்சி. என்னுத அவன் கட்டிக்கினு இருந்திருக்கிறான். தெரிஞ்சேதான் கட்டிக்கினு இருந்திருக்கிறான். உன்கிட்ட அப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரலம்மா. சொன்னா இத்தக் கழட்டணும். கழட்ட மனசு வரல."

எனக்கு முதலில் வந்தது அழுகையில்லை, கோபம். மாமா மேல் இல்லை, போய்ச் சேர்ந்த மனுஷர் மேல். ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிட்டவள் நான். என்னிடம்கூடச் சொல்லவில்லையே. சொல்லியிருந்தால் நான் சும்மா இருந்திருக்க மாட்டேன், அக்காவுக்குப் போன் போட்டு மறுநாளே மாற்றி வாங்கியிருப்பேன் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் சொல்லவில்லை. அது புரிந்தவுடன் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. மாமா முன்னால் வாய்விட்டு அழுதேன். அவர் எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

பிறகு கல்யாண விஷயத்தைச் சொன்னேன். மகள் கேட்டதையும் நாத்தனார் சொன்னதையும் அப்படியே சொன்னேன். மாமா கேட்டுக்கொண்டே தன் கையைப் பார்த்தார்.

"செத்தவங்க கையில இருந்தது கூடாது. அவ்ளோதானே அந்தம்மா சொல்றது?"

"ஆமா."

"அப்போ இது யார் கையில இருக்குது?" என்று இடது கையை நீட்டினார். "உயிரோடதான குந்தியிருக்கிறேன்? உங்கப்பா எம் சகலைக்கு மேடையில கட்டின வாட்ச்சு இது. எத்தினியோ வருசமா எங்கையில ஓடுது. பொண்ணத் தாரவாத்துக் குடுக்கப்போறவன் நான். எங்கையிலருந்து கழட்டி மாப்ள கையில கட்டறேன். எவ கேக்கறான்னு பாக்கலாம்."

நான் கொண்டுபோனதை அவர் பக்கம் நகர்த்தினேன். "அப்போ உங்களுது உங்ககிட்ட."

"வேணாம்மா." அதைத் திருப்பி என் பக்கமே நகர்த்தினார். "கடைசி வரைக்கும் அவன் கையில இருந்தது இதான். இது உன்கிட்டயே இருக்கட்டும். புள்ளைகிட்ட மட்டும் நீ சொல்லாத. அத நானே சொல்லணும். அது நான் சொல்ல வேண்டியது."

மாமா வாட்சைத் தருகிறார் என்று வீட்டில் சொன்னபோது நாத்தனாருக்கு ஏக சந்தோஷம். பெரியப்பா கையால், பெரியப்பா வாட்ச், நல்ல ஆயுசு, நிறைந்த வாழ்வு என்று அவரே பத்துப் பேரிடம் சொன்னார். மகள் என்னைப் பார்த்தாள். "பெரியப்பாவோடதா?" என்று மட்டும் கேட்டாள். சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். மாமாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன்.

கல்யாணம் மயிலத்தில் ஒரு மண்டபத்தில். முந்தின நாள் சாயங்காலம் சமையல்கட்டுப் பக்கம் மாமா தனியாகக் கிடைத்தார். அந்தப் புதிய வாட்சை எடுத்துக்கொண்டு போயிருந்தேன். "கையக் குடுங்க மாமா" என்றேன். அவர் கட்டியிருந்ததைக் கழற்றிப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கழற்றிய இடத்தில் தோல் வெள்ளையாக இருந்தது. அப்பா கட்டிய கையில் நான் கட்டினேன். ஆகும், ஆகாது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. மாமா கையை எட்டப் பிடித்துப் பார்த்தார்.

"கொஞ்சம் பெருசு. ஆனா அதே மூஞ்சிதான்" என்றார். சாவியைத் தேடி விரல் தானாகப் போனது. கை அசைந்தாலே ஓடும் என்று சொன்னேன். "அப்போ நான் சும்மா குந்தக் கூடாதுன்றே" என்று சிரித்தார். மகளிடம் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டேன். பெண்ணைச் சுற்றி ஆள் விலகினால்தானே, காலையில் சொல்லிவிடுகிறேன் என்றார்.

காலையிலும் முடியவில்லை. முகூர்த்த அவசரத்தில் யாருக்கும் யாரும் கிடைக்கவில்லை. அக்காவும் மாமாவும் மணையில் உட்கார்ந்து தாரை வார்த்தார்கள். தாலி ஏறியது. நான் மேடைக்குக் கீழே, படிக்கட்டுப் பக்கத்தில் நின்றிருந்தேன். பிறகு மாமா சட்டைப்பையிலிருந்து வாட்சை எடுத்தார். எடுத்தவர் முகம் மாறியது. முந்தின நாள் புதியது கைக்கு வந்ததில், இதற்குச் சாவி கொடுக்க மறந்துவிட்டார். வாட்ச் நின்றுபோயிருந்தது.

நாத்தனார் வாயில் கையை வைத்துக்கொண்டார். மேடையில் நின்ற வாட்சா என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தது எனக்கே கேட்டது. மாமாவுக்கு வேர்த்துவிட்டது. மாப்பிள்ளைப் பையன்தான் சட்டென்று கையை நீட்டி, "குடுங்க மாமா, சாவி குடுக்கற வாட்ச்சுதானே" என்று வாங்கிக்கொண்டான். நிதானமாகத் திருகினான். சிவப்பு முள் கிளம்பியது. நாத்தனார் மூச்சு விட்டார். பையன் அப்படியே கட்டிக்கொள்ளவில்லை, தப்பான மணியோடு கட்டக் கூடாது என்று நினைத்தான் போலிருக்கிறது. முட்களைத் திருப்ப, சாவியை வெளியே இழுத்தான்.

முள் நின்றது.

என் மகள் குனிந்த தலையோடுதான் இருந்தாள். அந்த முள் நின்றதை அவள் பார்த்தாள். மாலை கனத்தில் மெதுவாக நிமிர்ந்து மாமாவைப் பார்த்தாள். மாமா கண் நிறைய, ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினார்.

பையனுக்கு இதெல்லாம் தெரியாது. முட்களைச் சரியாக வைத்துவிட்டு, "யாராவது போனப் பாத்து செகண்டு சொல்லுங்களேன்" என்றான். மகள் கையை நீட்டி அவன் போனை வாங்கிக்கொண்டாள். மருதாணிக் கையில் அதைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே இருந்தாள். மேளக்காரர்கள் ஓய்ந்திருந்த நேரம் அது.

"இப்போ" என்றாள்.

அவன் அழுத்தினான். முள் ஓட ஆரம்பித்தது. மாமா அதை வாங்கி அவன் கையில் கட்டினார். மகள் மேடையிலிருந்து கீழே என்னைத் தேடினாள். நான் படிக்கட்டுப் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.